முகவுரையில் இருக்கும் பெயர்கள்

பழைய நூற்பதிப்பு ஒன்றைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் முகவுரையைத் தாண்டி நேரே நூலுக்குள் புகுந்துவிடுகிறோம். பாட்டு அங்கேதான் இருக்கிறது. உரை அங்கேதான் இருக்கிறது. பதிப்பித்தவர் தமக்கு உதவியவர்களுக்கு நன்றி கூறும் பக்கங்கள் ஒரு சடங்கு என்றே நமக்குப் பட்டுவிட்டது. நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் இருந்தேன். உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு அவற்றின் முகவுரைகளை மட்டும் தொடர்ந்து படித்த ஒரு கோடை விடுமுறையில்தான் அந்த எண்ணம் மாறியது. ஊர்ப்பெயர்கள், கவிராயர்களின் வீட்டுப் பெயர்கள், மடங்கள், சமணப் பெரியோர்கள், கல்லூரி நண்பர்கள் என்று நீளும் அந்தப் பட்டியல்களை ஒருசேரப் பார்த்தபோது, இவர் எழுதிய சரித்திரங்களுள் இதுவும் ஒன்று என்று தோன்றியது.

தமிழ்த் தாத்தா என்று நாடு அவரை அழைக்கிறது. ஒரு கிழவர் ஊர் ஊராகத் தனியே நடந்து, கறையான் வாயிலிருந்து சங்க நூல்களை மீட்டு வந்தார் என்ற சித்திரம் பள்ளிப் புத்தகத்திலிருந்து நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அது பொய்யன்று, ஆனால் ஐயர் தாமே எழுதி வைத்த செய்தி அதுவன்று. அவர் எழுதியதில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களை நீக்கிவிட்டோம்.

தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் 1855 பிப்ரவரி 19-இல் அவர் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தியவர். மகனுக்குத் தமிழில் ஆசை மிகுந்தபோது, அதைக் கற்பிக்கத்தக்கவர் இருக்கும் ஊர்களைத் தேடி அவர் குடும்பத்தோடு இடம் பெயர்ந்துகொண்டே இருந்தார். அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்று அந்த ஆசிரியர்களின் வரிசை நீள்கிறது. இவர்களுள் எவரும் இன்று தமிழுலகம் அறிந்த பெயரினர் அல்லர். ஒருவர் சில பாடல்களைச் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் யாப்பிலக்கணத்தின் வாயிலைத் திறந்து காட்டினார். எண்பத்தைந்து வயதில் தன் வரலாற்றை எழுதப் புகுந்தபோது ஐயர் இவர்களை ஓரிரு வரியில் கடந்து போகவில்லை. ஒவ்வொருவரிடமும் தாம் என்ன கற்றார், எத்தனை காலம் கற்றார் என்பதைக் கணக்குப்பிள்ளையின் நுணுக்கத்தோடு குறித்திருக்கிறார். தமக்குத் தெரிந்ததை எல்லாம் கற்பித்துவிட்டேன், இனி மகாவித்துவானிடம் போ என்று அனுப்பி வைத்த பெருந்தன்மை விருத்தாசல ரெட்டியாருடையது. அது பதிவாகாமல் போயிருந்தால் அந்த ரெட்டியாருக்கு இலக்கிய வரலாற்றில் ஏது இடம்?

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். சாமிநாதன் என்ற பெயரே அந்த ஆசிரியர் வழங்கத் தொடங்கியதுதான். வேங்கடராமன் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். வேறு பெயர் உண்டா என்று பிள்ளை கேட்க, வீட்டில் அழைக்கும் சாமிநாதன் என்ற பெயரை மாணவர் சொன்னார். அன்று முதல் அதுவே நிலைத்தது. உலகம் பின்னாளில் கொண்டாடிய பெயர் ஓர் ஆசிரியரின் விருப்பத்தால் வந்த பெயர் என்பதை அவரே எழுதி வைத்தார்.

பிள்ளையிடம் பாடம் கேட்பது இக்காலத்து வகுப்பறை போன்றதன்று. ஆசிரியர் புராணங்களைப் பாடிக்கொண்டே போவார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வருவார். அம்பர்ப் புராணம் உருவான நாள்களில் எழுத்தாணியைப் பிடித்த கை சாமிநாதனுடையது. பாட்டு ஆசிரியருடையது, எழுத்து மாணவருடையது. உழைப்பு இரண்டு வகையாகவும் பெயர் ஒன்றாகவும் இருக்கும் ஒரு பட்டறையில் அவர் பழகினார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னாளில் அப்படி ஒரு பட்டறைக்கு அவரே தலைவரானார்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குசேலோபாக்கியானம் என்ற நூலைத் தமிழன்பர்கள் அறிவர். வல்லூர்த் தேவராச பிள்ளை இயற்றியதாக அது வெளிவந்தது. அவர் மகாவித்துவானின் மாணவர், பெங்களூரில் வாழ்ந்தவர், ஆசிரியரை அழைத்து வைத்து ஆதரித்தவர். நூல் முழுவதையும் பாடியவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தம் பாட்டை மாணவர் பெயரில் வெளியிடச் செய்துவிட்டு, அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார் அவர். வறுமை ஒருபுறம், அன்பு ஒருபுறம், பாடும் ஆற்றல் வற்றாமல் ஊறியது ஒருபுறம் என்று இதற்குக் காரணங்களை நாம் அடுக்கலாம். புகழைப் பகிர்வது பெருமை என்றால், இதைவிடப் பெரும் பகிர்வு வேறில்லை. முழுவதையுமே கொடுத்துவிட்டார்.

ஆயினும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கொடை என்ற அளவில் அது பெரிது. சரித்திரம் என்ற அளவில் அது பிழை. அந்தப் பிழையைத் திருத்தும் பொறுப்பு மாணவரிடம் வந்து சேர்ந்தது. 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக ஆசிரியரின் வரலாற்றை வெளியிட்டபோது, குசேலோபாக்கியானம் யாருடைய பாட்டு என்பதை ஐயர் எழுதிவிட்டார். தேவராச பிள்ளையை இழித்து ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய ஆதரவையும் ஆசிரியர் பக்தியையும் சொன்னார். நூலின் வரலாற்றையும் சொன்னார். தமக்குரியது அல்லாத பெயரை ஒருவர் சுமக்கலாகாது, உரிய பெயரை ஒருவர் இழக்கலாகாது என்ற இரண்டிலும் அவர் ஒரே உறுதியோடு இருந்தார். பிள்ளை 1876 பிப்ரவரி முதல் நாள் மறைந்தவர். தம் பாட்டைத் தமதென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் மாணவர் அதை மீட்டுக் கொடுத்தார்.

அதே வரலாற்றில் சவேரிநாத பிள்ளையையும் காண்கிறோம். கிறித்தவ சமயத்தவர், ஆசிரியரின் இறுதி நாள்கள் வரை உடனிருந்து தொண்டு செய்தவர். ஆசிரியரின் அன்பு தம் ஒருவர்மீதே இருந்தது என்று காட்டிக்கொள்ளும் ஆசை ஒரு மாணவருக்கு வருவது இயல்பு. ஐயரின் எழுத்தில் சவேரிநாத பிள்ளையின் இடம் குறையவில்லை.

1880-இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அதற்குக் காரணமானவர் வித்துவான் தியாகராச செட்டியார். அவரும் மகாவித்துவானின் மாணவரே. ஓய்வு பெறும்போது தம் இடத்திற்குச் சாமிநாதையரே வர வேண்டும் என்று முயன்றவர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், தம் மடத்தில் இருந்து பாடம் சொல்லும் இளைஞரை விட்டுக்கொடுக்க முதலில் மனமில்லாமல் இருந்தார்; செட்டியார் பேசிப் பேசி இசைய வைத்தார். கல்லூரித் தலைவர் கோபால ராவிடமும் அவரே எடுத்துச் சொன்னார். அந்த நியமனம் இல்லையேல் பதிப்புப் பணி இல்லை. இந்தச் செட்டியாரைப்பற்றி இறுதியில் மீண்டும் ஒரு செய்தி சொல்வேன்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில்தான் சேலம் இராமசாமி முதலியாரின் சந்திப்பு நிகழ்ந்தது. அவர் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்தார். நம்மில் பலர் இந்தச் சந்திப்பைப் பலமுறை கேட்டிருப்போம். கற்ற நூல்களின் பட்டியலை ஐயர் அடுக்குகிறார்: அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. மகாவித்துவானின் மாணவர், மடத்தில் பாடம் சொன்னவர், கல்லூரி ஆசிரியர். அந்தக் கேள்வியின்முன் அவருக்கு விடை இல்லை. முதலியார் சிந்தாமணியின் காகிதப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

இந்த நிகழ்ச்சியை உலகம் அறிந்திருப்பதற்கு ஒரே காரணம் ஐயர் அதை எழுதியிருப்பதுதான். அவர் எழுதாமல் விட்டிருந்தால், பழந்தமிழ் நூல்களின்மேல் தம் உள்ளம் தானே சென்றது என்று ஒரு கதை எளிதாக நிலைபெற்றிருக்கும். முதலியார் 1892-இலேயே காலமாகிவிட்டார். மறுத்துச் சொல்ல ஆளில்லை. அறுபது ஆண்டுகளுக்குமேல் பதிப்புலகில் புகழோடு வாழ்ந்த ஒருவர், தம் வாழ்க்கையின் திருப்பத்தைத் தம் அறியாமை வெளிப்பட்ட ஒரு நாளாகவே சொல்லி, அதன் பெருமையை மற்றொருவர்க்குக் கொடுத்தார். இந்தியாவின் சார்பில் 1885-இல் இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவர் என்ற சிறப்பும் முதலியாருக்கு உண்டு. அதை இன்று நினைப்பவர் சிலரே. தமிழ் படித்தவர்கள் அவரை மறக்கவில்லை.

சிந்தாமணியைப் பதிப்பிப்பது தனியொருவர் செய்யக்கூடிய வேலையன்று. அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஓலைச்சுவடியின் இயல்பைச் சற்றே அறிய வேண்டும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ரகரத்தையும் காலையும் வேறுபடுத்த முடியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்ற எல்லையும் இராது. எல்லாம் ஒரே ஓட்டம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேற்கோளாக எடுத்தாளும் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்பது பெரும்பாலும் சொல்லப்பட்டிராது. அந்த நூல்களோ அன்று அச்சில் இல்லை. ஒருவர் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர்கள் வெவ்வேறு பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். வேறுபாடு வருமிடத்தில் நிறுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எது சரி என்று ஆராய வேண்டும். ஒரு கண்ணும் ஒரு காதும் இதற்குப் போதா.

அப்படிப் படித்தும் எழுதியும் ஒப்பிட்டும் உதவியவர்களுள் முதலில் வைக்கத்தக்கவர் திருமானூர்க் கிருஷ்ணையர். இன்று எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும்? நம் வட்டத்தில் ஒரு கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு கைகள் உயர்ந்தன. ஐயரின் தன்வரலாற்றில் அவர் மீண்டும் மீண்டும் வருகிறார். ஆராய்ச்சி நடக்கும் இடமெங்கும் அவர் இருக்கிறார்.

சமண சமயக் கருத்துகள் புரியாமல் சிந்தாமணியில் ஓரடியும் நகர முடியாது. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் வீடுகளில் சிந்தாமணி சமய நூலாகவே படிக்கப்பட்டு வந்தது என்பது ஐயருக்கு அப்போதுதான் தெரியவந்தது. சந்திரநாத செட்டியார் வழிகாட்டினார். வீடூர் அப்பாசாமி நயினார் ஐயங்களைத் தெளிவித்தார். சைவ மடத்தில் வளர்ந்த ஸ்மார்த்தப் பிராமணர் ஒருவர் சமண இல்லறத்தாரிடம் மாணவராக அமர்ந்தார். அதை மறைத்திருந்தால் சமயப் பற்றாளர் சிலருடைய முணுமுணுப்பிலிருந்து தப்பியிருக்கலாம். அவர் மறைக்கவில்லை. தமிழ்க் காப்பியம் ஒன்று யாருடைய வீட்டில் உயிரோடு இருந்தது என்ற உண்மை அந்த நன்றியுரையில்தான் அடங்கியிருக்கிறது. நன்றி என்ற பெயரில் எழுதப்பட்டாலும் அது ஆராய்ச்சிச் சான்று.

சீவக சிந்தாமணி 1887-இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. கையொப்பக்காரர்களிடம் பணம் பெற்றும், கடன்பட்டும், கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குப் போய்வந்தும் முடித்த வேலை. திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகர் அந்தப் புத்தகத்தைப் பார்த்து மகிழ்ந்தார். மறு ஆண்டின் தொடக்கத்திலேயே மறைந்தார்.

இந்த ஒரு நூலைப் பொறுத்து இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தமிழகத்தில் நிலைத்த சி.வை. தாமோதரம் பிள்ளை, ஐயருக்கு முன்பே பதிப்புத் துறையில் இறங்கியவர். வீரசோழியத்தை 1881-இலும், கலித்தொகையைச் சிந்தாமணி வந்த அதே 1887-இலும் வெளியிட்டார். அவர் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, ஐயரின் ஆராய்ச்சிப் பிரதியைக் கேட்டார். வயதில் மூத்தவர், செல்வாக்குடையவர், தமிழுக்கு உழைத்தவர். ஐயர் பெரும் மனப்போராட்டத்துக்குப் பின் மறுத்துவிட்டார்.

ஆசிரியரோ முழு நூலையே ஒரு மாணவருக்குக் கொடுத்தார். மாணவரோ பல ஆண்டு உழைத்த பிரதியைக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆசிரியரின் உள்ளம் மாணவருக்கு வாய்க்கவில்லை என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சிந்தாமணிப் பிரதியில் கிருஷ்ணையரின் உழைப்பு இருந்தது. சமணப் பெரியோர்கள் சொன்ன பொருள் இருந்தது. முதலியாரின் நம்பிக்கை இருந்தது. அதைத் தூக்கிக் கொடுத்திருந்தால் கொடுத்தவர்க்கு வள்ளல் என்ற பெயர் வந்திருக்கும். மற்றவர்களின் பங்கு எந்த முகவுரையில் ஏறியிருக்கும்? தம்முடையதைக் கைவிடாதவரால்தான் பிறருடையதையும் காக்க முடிந்தது. ஆனால் தாமோதரம் பிள்ளையை நாம் குறைத்துப் பேசும் வழக்கம் தவறு. ஐயர் நடந்த பாதையில் முன்னே நடந்தவர் அவர். அவருக்கும் முன்னே, 1851-இல் திருமுருகாற்றுப்படையை அச்சிட்ட ஆறுமுக நாவலரும், 1868-இல் சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தை வெளியிட்ட பவர் பாதிரியாரும் இருக்கிறார்கள்.

அதன்பின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, குறுந்தொகை 1937. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை, இரண்டு மட்டும்.

பத்துப்பாட்டுக்கு நல்ல பிரதி கிடைக்காமல் ஐயர் திருநெல்வேலிச் சீமையில் கவிராயர்களின் வீடுகள்தோறும் போனார். ஆழ்வார்திருநகரியில் இலட்சுமண கவிராயர் வீட்டில் தேடியும் அகப்படவில்லை. அந்தக் கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். இத்தகைய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏடுகளைக் காத்தன. பலவற்றில் கடைசித் தலைமுறையினர் அவற்றைப் படிக்கவும் அறியார், ஆயினும் எறியவில்லை. வேறிடங்களில் என்ன நடந்தது என்பதும் ஐயர் எழுத்திலேயே இருக்கிறது. ஆடிப்பெருக்கில் ஏடுகள் ஆற்றோடு விடப்பட்டன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் தீக்கு இரையாயின. அதனோடு சேர்த்துப் பார்த்தால், பரணிலோ பெட்டியிலோ ஒரு சுவடிக்கட்டை வைத்துக் காத்த கவிராயரின் பெயரும் ஊரும் முகவுரையில் இடம்பெற்றதன் பொருள் விளங்கும். மிதிலைப்பட்டிக் கவிராயர் வீட்டு ஏடு மணிமேகலைக்கு எவ்வளவு உதவிற்று என்பதும் அவ்வாறே தெரிகிறது. இந்தக் குடும்பங்களுள் பலவற்றுக்கு அச்சில் இருக்கும் ஒரே சுவடு ஐயர் எழுதிய அந்த ஒரு வரிதான்.

மணிமேகலையின் சங்கடம் வேறு. ஏடு இருந்தது, பொருள் விளங்கவில்லை. தமிழகத்தில் பௌத்தர் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளச் சந்திரநாத செட்டியார் போல் ஒருவரும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் வடமொழியும் ஆங்கிலமும் கற்றவர். அவர் பௌத்த சமயம்பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த புத்தகங்களை வாங்கிப் படித்து, அவற்றின் செய்திகளை ஐயருக்கு எடுத்துச் சொன்னார். சில நாள் உதவியன்று. நெடுங்காலம் நடந்த படிப்பு. தமிழ்க் காப்பியத்தின் அரும்பொருள் விளங்க மேல்நாட்டறிஞரின் நூல்கள் உதவின, அவற்றைப் படித்துச் சொன்னவர் தம் நண்பர் என்பதை ஐயர் ஒளிக்கவில்லை. பாண்டித்துரைத் தேவரின் பொருளுதவியும் இந்நூலுக்குக் கிடைத்தது. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சன் கடிதம் எழுதினார். கும்பகோணத்து வீட்டின் திண்ணைக்கு இப்படிப் பல திசைகளிலிருந்தும் கைகள் நீண்டன.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பதிப்புகளின் முகப்பில் இருப்பது ஒரு பெயர்தான். உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் என்ற அந்தப் பெயருக்குப் பக்கத்தில் திருமானூர்க் கிருஷ்ணையரின் பெயர் எந்நாளும் அச்சாகவில்லை. முகவுரையில் உதவினார் என்று வரும் சொல், என்ன உதவினார், எந்தப் பகுதியில் யாருடைய திருத்தம் நின்றது என்பதைச் சொல்வதில்லை. அக்கால வழக்கம் அது. கூட்டுப் பதிப்பு என்ற எண்ணமே அன்று தமிழில் வேரூன்றவில்லை. பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது. கண்டனங்கள் வெளிவந்தபோது அவற்றைத் தாங்கியவர் அவர் ஒருவரே, உதவியவர்கள்மேல் பழியைத் தள்ளியதில்லை. கடன்காரரும் அவர் வாசலுக்கே வந்தனர். இவை எல்லாம் உண்மை. ஆயினும் முகப்பில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். நம் வட்டம் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுப்பில் மெய்ப்புத் திருத்தியவரின் பெயர் விடுபட்டுப் போயிற்று. தொகுத்தவர்களில் நானும் ஒருவன். புத்தகம் வந்த அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அதன்பின் கூட்டங்களுக்கு அவர் வருவது குறைந்து நின்றே போயிற்று. இடம் போதவில்லை என்று அப்போது ஒரு காரணம் சொன்னோம். அந்தத் தொகுப்பில் வெற்றுப் பக்கங்கள் இரண்டு இருந்தன.

ஐயர் தம் நூல்களை ஒருமுறை பதிப்பித்ததோடு நிறுத்தியவர் அல்லர். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது; இடைக்காலத்தில் கிடைத்த பிரதிகளாலும் தெளிவுகளாலும் திருந்திய பதிப்பு. முதற்பதிப்பில் தாம் கண்ட முடிவு தவறு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதில் அவருக்குத் தயக்கமில்லை. 1903-இல் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை அங்கே ஆசிரியராக இருந்தார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. இவற்றை எல்லாம் வரலாற்றுக் குறிப்பு எழுதுவோர் தவறாமல் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

அவருடைய முதுமையில் அந்தப் பட்டறை வேறு வடிவம் கொண்டது. கி.வா. ஜகந்நாதன் முதலிய இளைஞர்கள் உடனிருந்து உழைத்தார்கள். கண்ணும் கையும் தளர்ந்த காலத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அம்பர்ப் புராணத்தை எழுதிய கை இருந்த இடத்தில் இப்போது வேறு கை இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே பயின்றவர்கள் தாமே பதிப்பாசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தலைநிமிர்ந்தார்கள், கி.வா.ஜ. கலைமகளின் ஆசிரியராகித் தமக்கென்று ஒரு புகழை ஈட்டினார். ஐயர் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆசிரியர் வரலாற்றைத் தொடர்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார், மகாவைத்தியநாதையர், கனம் கிருஷ்ணையர் ஆகியோரின் வரலாறுகளையும் அவர் எழுதியது 1930-களில்தான். எண்பது வயதுக்குமேல் ஒருவர் தம்மைப்பற்றி எழுதுமுன் இத்தனை பேரைப்பற்றி எழுதி முடித்தார்.

தம் சரித்திரத்தை 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 122 அத்தியாயங்களோடு அது நின்றுவிட்டது. மணிமேகலை வெளிவந்ததை அடுத்த நாள்கள் வரைதான் எழுத முடிந்தது. போர்க்கால அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்த அவர், 1942 ஏப்ரல் 28-இல் அங்கேயே காலமானார். 1950-இல் அவர் மகன் கலியாணசுந்தரையர் அதைப் புத்தகமாக வெளியிட்டார். நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்களில் கதாநாயகர் யார் என்று தேடிப் பார்த்தால், ஒவ்வோர் அத்தியாயத்திலும் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார்.

தியாகராச செட்டியாரைப்பற்றி மீண்டும் சொல்வதாகக் கூறினேன். ஐயர் சென்னையில் திருவேட்டீசுவரன்பேட்டையில் வாழ்ந்த வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டின் கூடங்களிலும் அறைகளிலும்தான் பரிபாடலும் குறுந்தொகையும் ஆராயப்பட்டன; அந்தத் திண்ணையில்தான் புலவர்கள் வந்து காத்திருந்தார்கள். தம் ஆசிரியரின் பெயரையோ, ஆதீனத் தலைவரின் பெயரையோ, தம் பெயரையோ இட்டிருந்தாலும் ஒருவரும் வியந்திருக்க மாட்டார்கள். தமக்கு வேலை வாங்கிக் கொடுத்த வித்துவானின் பெயரால் அதைத் தியாகராச விலாசம் என்று அழைத்தார். ஏடு கொண்டுவந்தவர்களும், கடிதம் எழுதியவர்களும், பட்டம் கொடுக்க வந்தவர்களும் அந்தப் பெயரை விசாரித்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது.